தொட்டியின் காலில் எழுதாத வரி

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் நான்கு கால்களில் சாலையைப் பார்த்த காலில் கறுப்பு வண்ணம் அடித்த கட்டம் ஒன்று உண்டு. ‘கொள்ளளவு 30,000 லிட்டர்’, ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்யும் நாள்’ என்று மூன்று வரிகள் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் மாதத்தின் 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் தொட்டி கழுவும் நாட்கள். தொட்டியைக் கழுவுகிறார்களோ இல்லையோ, தேதியை மட்டும் தவறாமல் மாற்றிவிடுகிறார்கள் என்று ஊருக்குள் கிண்டல் செய்வார்கள். எங்கள் ஊரில் தண்ணீர் திறந்துவிடும் அண்ணனுக்கு அது அநியாயம். அவர் ஏணியில் ஏறி, உள்ளே இறங்கி, தென்னந்துடைப்பத்தால் வண்டலைத் தள்ளிக் கழுவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குள்ள குறை வேறு. அந்தக் கட்டத்தில் நான்காவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும்: இன்று இந்தத் தொட்டிக்குள் நிற்பது எந்தத் தண்ணீர் என்று.

தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம், இருநூறு வீடுகளுக்குச் சற்று மேற்பட்ட ஊர் அது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரில் பெண் எடுக்க வந்தால் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பூ வைப்பார்கள் என்ற பழைய பேச்சு இன்னும் முழுதாக அடங்கவில்லை. என் பங்குக்கு அதை இணையத்தில் வேறு ஏற்றிவைக்க வேண்டாம்.

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் பழுப்புக் கோடுகள் குறுக்கே ஓடுகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுச் சீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது, சிரித்த முகமாக நின்ற என்னைப் பார்த்து ஸ்டுடியோக்காரர், “வாய மூடிக்கோ தம்பி” என்றார். அதன்பின் திருமணப் படம் வரை மூடிய வாயோடுதான் நின்றிருக்கிறேன். உப்பு, அடுப்புக்கரி, பொடித்த செங்கல் என்று எதெதையோ வைத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். சேலத்தில் கல்லூரியில் சேர்ந்த பிறகு பல்வலிக்காகப் போன இடத்தில், மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கைத் திருப்பியவுடன் கேட்ட முதல் கேள்வி, “தருமபுரியா?” என்பதுதான். அந்தக் கறை வெளியிலிருந்து ஒட்டியதில்லை என்றும், ஏறத்தாழ எட்டு வயது வரை ஈறுக்குள்ளே பல்லின் மேற்பூச்சு உருவாகிக்கொண்டிருக்கும்போதே குடித்த நீரிலிருந்த ஃபுளோரைடு அதன் கட்டமைப்பைக் கெடுத்துவிட்டது என்றும், முளைத்து வெளியே வரும்போதே அந்தப் பல் அப்படித்தான் வந்திருக்கும் என்றும் அவர்தான் விளக்கினார். செங்கல்தூளை நினைத்துச் சிரிப்பு வந்தது; அப்போதும் வாயைத் திறக்காமல்தான் சிரித்தேன்.

என் பாட்டிக்குப் பல்லோடு நிற்கவில்லை. அறுபது வயதைத் தாண்டும் முன்பே கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புவார். குனிந்து காலைத் தொட முடியாது, தாடையை நெஞ்சில் படும்படி தாழ்த்த முடியாது, கையைத் தூக்கிப் பின்தலையைத் தொட முடியாது. வாதம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். இந்த மூன்று அசைவுகளையும் செய்யச் சொல்லித்தான் எலும்பை ஃபுளோரைடு பிடித்திருக்கிறதா என்று முகாம்களில் முதற்கட்டமாகப் பார்க்கிறார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தது. அதைப் படித்த அன்று, பின்னந்தலையை எட்டாத கையோடு, என் தங்கையைக் கூப்பிட்டுத் தன் கொண்டையை முடியச் சொல்லும் பாட்டிதான் கண்முன் நின்றார்.

அந்தப் பாட்டிதான் தண்ணீரைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டு சோதனைகள் உண்டு. துவரம்பருப்பு சீக்கிரம் குழைய வெந்தால் நல்ல தண்ணீர். துணிக்குப் போட்ட சோப்பு நன்றாக நுரைத்தால் நல்ல தண்ணீர். எண்பதுகளில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக் கைப்பம்பு வைத்தபோது, அதன் தண்ணீர் இரண்டிலும் தேறியது. “கல்கண்டு மாதிரி இருக்குது கண்ணு” என்று சொல்லி, வீட்டுக்கு அருகிலிருந்த கிணற்றை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் நடந்து குடம் சுமந்தார்.

பாட்டியின் சோதனைகள் தப்பானவை இல்லை. அவை சொல்வது நீரின் மென்மையை. சுண்ணாம்புச்சத்து, அதாவது கால்சியம், குறைவான நீரில் பருப்பு குழையும், சோப்பு நுரைக்கும். எங்கள் பக்கத்து நிலத்தின் அடியில் இருப்பது கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும். அந்தப் பாறைகளிலுள்ள சில தாதுக்களில் ஃபுளோரைடு கட்டுண்டு கிடக்கிறது. மழைநீர் வெடிப்புகள் வழியே இறங்கி, பாறையோடு வருடக்கணக்கில் கிடந்து ஊறும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருகிறது. நீரில் கால்சியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படிய வைத்துவிடும். கால்சியம் குறைந்து, காரத்தன்மை கூடிய நீரில் அதைத் தடுக்க ஆளில்லை, மேலும் மேலும் கரைகிறது. ஆகவே, பருப்பைக் குழைய வைத்த அதே குணம்தான் பெரும்பாலும் ஃபுளோரைடையும் நீரில் தங்கவிட்டது. ஃபுளோரைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. குடிநீரில் இருக்கிற அளவில் நாக்குக்கும் தெரியாது. எங்கள் ஊரில் ‘நல்ல தண்ணி’ என்ற சொல் அந்தக் கைப்பம்பைத்தான் குறித்தது. இதைவிடப் பெரிய ஏமாற்றத்தை எந்தத் தண்ணீரும் எந்த ஊருக்கும் செய்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றும்.

கைப்பம்பு வைத்தவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அதற்கு முன் ஊரே இறங்கிக் கால் நனைத்து மொண்டு குடித்த படிக்கிணறு இருந்தது; அப்படிப்பட்ட கிணறுகள் வழியாகத்தான் நரம்புச் சிலந்தி நோய் நாட்டின் பல வறண்ட பகுதிகளில் பரவியது. காலில் கொப்புளம் வந்து, அதிலிருந்து நூல்போல் புழு வெளியேறும் அந்த நோயைப் பாட்டி பார்த்திருக்கிறார். குச்சியில் சுற்றிச் சுற்றி இழுப்பதைக் கையால் நடித்துக் காட்டுவார். படிக்கிணறுகளை மூடியதும், பம்பு வைத்ததும், நீரை வடிகட்டிக் குடிக்கச் சொன்னதும் சேர்ந்துதான் அது ஒழிந்தது. இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கிருமிக்குப் பயந்து ஆழத்துக்குப் போனோம், ஆழத்தில் பாறை இருந்தது.

பாறையின் குணம் அதற்கு முன்பே தெரியாமலும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதை உழவர்கள் முதலில் கவனித்தார்கள். பிறகு மனிதர்களிடமும் அதே இறுக்கம் தெரிந்தது. கிண்டி கிங் நோய்த்தடுப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஷார்ட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1937-இல் அதை ஃபுளோரைடு நோய் என்று ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். எங்கள் ஊர்க் கைப்பம்பு அதற்கு ஏறத்தாழ ஐம்பது வருடம் பிந்தியது. தோண்டியவர்கள் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது, தேங்காய் உடைத்தார்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். கொதிக்க வைத்தால் போய்விடாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மீதி நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். களி கிண்டும் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. அடுப்பில் கொதித்துச் சுண்டிய நீரையும் சேர்த்துத்தான் கேழ்வரகு மாவு குடித்துக்கொள்கிறது, நாம் உருண்டையாகப் பிடித்து விழுங்குகிறோம்.

எங்கள் ஊருக்கு இத்தனைக்கும் காவிரி தூரமில்லை. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லுக்குப் போய்க் குளித்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவோம். ஆனால் ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, நாங்கள் மேட்டில் இருக்கிறோம். நீரை மேலேற்றுவதற்கு மின்சாரமும் பணமும் அரசியல் துணிச்சலும் வேண்டியிருந்தன. ‘ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம்’ என்ற நீண்ட பெயரோடு, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியில், ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2008-இல் முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, அங்கே தேர்தல் முடியட்டும் என்று அவரே வேலையைச் சிறிது காலம் நிறுத்திவைத்ததும் நினைவிருக்கிறது. 2013 மே மாதத்தில் முதல்வர் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் 6,000-க்கு மேற்பட்ட குக்கிராமங்களைக் கணக்கில் கொண்ட திட்டம் அது. எங்கள் தொட்டிக்குக் காவிரி ஏறிய நாளில் பாட்டி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், அம்மா அதைச் சொன்னார்: “சப்புன்னு இருக்குது, மருந்து வாடை வேற.”

நோய் தீர்ந்துவிட்டது என்று வெளியூரிலிருந்த நான் முடிவுகட்டிக்கொண்டேன். என் கூடப்பிறந்த அண்ணனின் மகளுக்கு ஏழு வயதில் முளைத்த முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெண்திட்டுகளைப் பார்த்த பிறகுதான், தொட்டிக்கு எந்தெந்த வழியில் தண்ணீர் வருகிறது என்று விசாரிக்கத் தோன்றியது.

தொட்டிக்கு வருவது இரண்டு குழாய்கள். ஒன்று ஆற்று நீர், இன்னொன்று ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறு, ஊர்ப்பேச்சில் ‘போர்’. ஆற்று நீர் எல்லா நாளும் ஒரே அளவில் ஏறுவதில்லை. எங்கோ மின்சாரம் நிற்கும், எங்கோ சாலை அகலப்படுத்தும்போது குழாய் உடையும், வெள்ளக் காலத்தில் கலங்கல் மிகுந்து சுத்திகரிப்பு மெதுவாகும், மேட்டுக் கிராமத்துக்கு அழுத்தம் வந்து சேராது. ஆனால் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஏழு மணிக்கு ஊராட்சி அலுவலகத்தின் முன் காலிக் குடங்கள் நிற்கும். ஆகவே தண்ணீர் விடும் அண்ணன் போர் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுகிறார். “தம்பி, ஆத்துத் தண்ணி பாதித் தொட்டிக்கு வந்தா மிச்சத்தப் போர்ல புடிச்சுக்குவேன். ரெண்டும் தண்ணிதான?” என்றார் அவர் என்னிடம். தொட்டியை நிரப்புவதுதான் அவருக்கு இட்ட வேலை, அதை அவர் ஒழுங்காகச் செய்கிறார்.

எட்டாம் வகுப்புக் கணக்குதான் இது. ஆற்று நீரில் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், போர் நீரில் 2.5 மில்லிகிராம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 30,000 லிட்டர்த் தொட்டியில் 20,000 லிட்டர் ஆறு, 10,000 லிட்டர் போர் என்றால் கலவையில் 1.03 வரும், ஏறத்தாழ எல்லைக்குள் இருக்கிறது. 12,000 லிட்டர் ஆறு, 18,000 லிட்டர் போர் என்றால் 1.62, பொறுத்துக்கொள்ளச் சொன்ன அளவையும் தாண்டிவிட்டது. முழுவதும் போர் என்றால் சொல்லவே வேண்டாம். இந்த மூன்று நாட்களிலும் ஒரே குழாயில், ஒரே நேரத்தில், ஒரே நிறத்தில் நீர் வருகிறது. ‘காவிரித் தண்ணீர் வந்துவிட்டது’ என்ற நம்பிக்கையில் அம்மாக்கள் அதையே பிடித்துப் பால்பொடி கலக்குகிறார்கள். முன்பு எது கைப்பம்பு நீர், எது கிணற்று நீர் என்றாவது தெரிந்தது. இப்போது இரண்டும் ஒரு குழாய்க்குள் ஒளிந்துகொண்டன.

இதற்கு நடுவில்தான் ஊருக்குள் ஒருவர் நீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் மின்கம்பி இணைத்த உலோகக் குச்சிகளை இறக்கிப் பொத்தானை அழுத்தினார். குழாய்த் தண்ணீர் கண்ணெதிரே மஞ்சளாகி, பழுப்பாகி, சாக்கடை நிறத்தில் பொங்கியது; அவருடைய தண்ணீர் அப்படியே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா வாயில் கைவைத்து, “இதையா குடிச்சிட்டிருக்கோம்?” என்றார். அந்தப் பழுப்பு வந்தது தண்ணீரிலிருந்து இல்லை, குச்சியிலிருந்து. உப்புகள் கரைந்த நீரில் மின்சாரம் பாயும், இரும்புக் குச்சி கரைந்து துருவாகும். உப்பே இல்லாத நீரில் மின்சாரம் பாயாது, குச்சியும் கரையாது. ஒரு சிட்டிகை உப்பை அவருடைய தம்ளரில் போட்டு மறுபடி பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

‘ஆர்.ஓ.’ எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் கருவி ஃபுளோரைடைக் குறைக்கும் என்பது உண்மைதான். எங்களைப் போன்ற ஊர்களில் அதற்குத் தேவையும் உண்டு. ஆனால் விற்பவர் பயமுறுத்தியது ஃபுளோரைடைச் சொல்லி இல்லை. அவர் சட்டைப்பையில் பேனாபோல் வைத்திருந்த டி.டி.எஸ். மானி, கரைந்த பொருட்களின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று காட்டாது, கிருமி இருக்கிறதா என்றும் காட்டாது. எங்கள் கைப்பம்பு நீர் அந்த மானியில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும். காசு போட்டுக் குடம் பிடிக்கும் இயந்திரம் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறது. அதன் சவ்வை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளில்லை, கழிவு நீர் சாலையோரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கழிவில் ஃபுளோரைடு முன்னைவிடச் செறிவாக இருக்கும். அதில் எருமைகள் வாய் வைக்கின்றன.

ஃபுளோரைடைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கிருமிகள் தங்களை மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். பல்லைக் கெடுக்க ஃபுளோரைடுக்கு வருடங்கள் வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஒரு நாள் போதும். அதற்கான காவல் பிளீச்சிங் பவுடர். நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. வாளியில் குழைத்து, சுண்ணாம்பை அடியில் படியவிட்டு, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். குழாயின் கடைசியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருந்தால், வழியில் ஏதேனும் அழுக்குச் சேர்ந்தாலும் சமாளிக்கும் தெம்பு தண்ணீருக்கு இருக்கிறது என்று பொருள். ஆனால் மூட்டை பிரித்த பவுடர் காற்றுப்பட்டு வீரியம் இழந்துகொண்டே போகும். மோட்டார் அறையில் வைத்தால் அதன் ஆவியில் மின்பலகை துருப்பிடிக்கிறது என்று அண்ணன் அதை வெளியே ஓட்டுக்கூரைக்கு அடியில் வைத்திருக்கிறார், அங்கே சாரல் அடிக்கிறது. அளவாகப் போட்டால் ‘மருந்து வாடை’ என்று வார்டு உறுப்பினர் வரை புகார் போகிறது. போடாமல் விட்டால் எந்தப் புகாரும் இல்லை. வசை வாங்காமல் வேலை பார்க்க விரும்பும் எந்த மனிதனும் எந்தப் பக்கம் சாய்வான்?

கடந்த ஆவணியில் சுகாதார ஆய்வாளர், நீரில் மிஞ்சிய குளோரினை மஞ்சள் நிறத்தால் காட்டும் குளோராஸ்கோப்போடு வந்தபோது நான் ஊரில் இருந்தேன், அவர் பின்னாலேயே நடந்தேன். தொட்டிக்கு அடுத்த குழாயில் பிடித்த நீரில் சொட்டு மருந்தை விட்டதும் எலுமிச்சை மஞ்சள் தெரிந்தது. பிள்ளையார் கோயில் முனையில் வைக்கோல் நிறம். கடைசியில் காலனித் தெரு. அங்கே குழாய் தரைக்கு மேல் இல்லை. அழுத்தம் இல்லாததால் தரைமட்டத்துக்கு மேலிருக்கும் குழாயில் நீர் ஏறாது. ஆகவே முழங்கால் ஆழக் குழி வெட்டி, அதற்குள் குழாயை அறுத்து, குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள். குழிக்குச் சிமெண்டுப் பூச்சு இல்லை. முந்தின இரவு பெய்த மழையின் நீர் அடியில் தேங்கி, அறுத்த குழாயின் வாய் அதில் பாதி முங்கியிருந்தது. தண்ணீர் நின்றபின் குழாய்க்குள் வெற்றிடம் ஏற்படும்போது இந்தக் குழி நீர் உள்ளே இழுபடும். மறுநாள் காலை முதல் குடத்தில் திரும்பி வரும். மேல்தெருவில் இருவர் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுவதால் இந்த இழுப்பு இன்னும் கூடுகிறது. ஆய்வாளர் அந்த நீரில் சொட்டுகளை விட்டார். நிறம் மாறவில்லை. சோதனைக் குழாயை வானத்துக்கு நேரே பிடித்து இன்னொரு முறை பார்த்தார். குடத்தோடு நின்ற பாட்டி ஒருவர், “வெள்ளையா இருந்தா நல்லதுதான சாமி?” என்று கேட்டார்.

கடைசித் தெரு எது என்பதைத் தற்செயல் முடிவு செய்யவில்லை. எந்தக் கிராமத்திலும் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரைந்து பார்த்தால், ஊர் யாரை எங்கே வைத்திருக்கிறது என்ற படமும் கூடவே வந்துவிடும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளியே வந்த பிறகு, பல தொட்டிகளின் ஏணிக்குக் கதவும் மூடிக்குப் பூட்டும் வந்தன. எங்கள் தொட்டிக்கும் வந்தது. பூட்டு வேண்டியதுதான். குழிக்குப் பூட்டு இல்லை.

2019 ஆகஸ்ட் 15-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தார்கள். எங்கள் ஊரிலும் நீலக் குழாய்கள் முளைத்தன. வாசலுக்கு வாசல் குழாய் வந்ததால் தெருக்குழாய்ச் சண்டை குறைந்தது என்பதை மறுக்க மாட்டேன். அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு: ஊருக்கு ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கு, நீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்துப் பெட்டி கொடுப்பது. எங்கள் ஊரில் அந்த ஐவரில் என் அண்ணியும் ஒருவர். பெட்டியை முதலில் பீரோவின் மேல் வைத்திருந்தார். மகளின் பல்லைப் பார்த்த பிறகு இறக்கினார்.

ஃபுளோரைடுச் சோதனையை அவர் செய்து காட்டியது மாட்டுக் கொட்டகைத் திட்டின் மேல். சிறு புட்டியில் கோடு வரை தண்ணீர், அதில் சொட்டு மருந்து. சொட்டு விழுந்ததும் நீர் இளஞ்சிவப்பாகும். ஃபுளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒகேனக்கல் நீர் மட்டும் வந்த நாளில் தனியாகப் பிடித்து வைத்திருந்த புட்டி ரோஜா நிறத்திலேயே நின்றது. போர் நீர் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் இழந்து, அட்டையில் 2-க்கும் 3-க்கும் நடுவில் வந்து நின்றது. அண்ணி எதுவும் பேசவில்லை. இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்தப் படத்தோடு எழுந்து நின்றார். போரை மூடச் சொல்லவில்லை. மூடினால் குளிக்கவும் மாட்டுக்கும் தண்ணீர் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது சின்னது. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஐந்தாறு லிட்டர் போதும். ஆற்றுத் தண்ணீர் ஏறும் நாள் எது என்று தெரிந்தால் அன்றைக்கே இரண்டு குடம் பிடித்து மூடி வைத்துக்கொள்ளலாம், மற்ற நாளில் வருவதைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆகவே தொட்டியின் காலில் ‘இன்று ஆறு’ அல்லது ‘இன்று போர்’ என்று எழுதுங்கள் என்றார். தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கறுப்புக் கட்டத்தில் எழுதவில்லை. ‘இன்று போர்’ என்று ஊராட்சியே எழுதிவைத்தால், குடிக்க ஏற்ற தண்ணீர் இன்று கொடுக்கவில்லை என்று ஊராட்சியே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடுமாம். கூட்டம் முடிந்து வெளியே வந்த ஒருவர் என்னிடம் இதை விளக்கினார். அவர் சொன்னதில் நேர்மை இருந்தது என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கழுவிய தேதியை எழுதுவது செய்த வேலையைச் சொல்வது. இதை எழுதினால் செய்ய முடியாததைச் சொன்னதாகிவிடும்.

தண்ணீர் விடும் அண்ணன் அந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து, மோட்டார் அறையின் இரும்புக் கதவில், பள்ளிக்கூடத்தில் வாங்கிய சாக்குக்கட்டியால் ‘ஆ’ என்று ஒற்றை எழுத்து எழுதியிருந்தது. மறுநாளும் ‘ஆ’. அடுத்த நாள் ‘போ’. யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை; யாராவது கேட்டால் மோட்டார் ஓடிய கணக்கு என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டும் கலந்தால் என்ன எழுதுவது என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறார். கலந்தால் போர்தான் அண்ணா, ‘போ’ன்னே எழுதுங்க என்று சொல்லியிருக்கிறார் அண்ணி.

மழை பெய்தால் எழுத்து அழிந்துவிடுகிறது. காலனித் தெருவுக்கு அந்தக் கதவு வெகுதூரம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பார்த்து வந்து சொன்னால்தான் உண்டு, அதுவும் தண்ணீர் நின்றபிறகு. இந்த வாரம் நான் ஊரில் இருந்த நான்கு நாளும் கதவில் ‘போ’ என்றே இருந்தது. பென்னாகரம் சாலையில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறதாம். அண்ணி மூடி வைத்திருந்த இரண்டு குடத்தில் ஒன்று காலி, இரண்டாவதில் கழுத்துக்குக் கீழே இருக்கிறது. களிக்கு எதை ஊற்றுவது என்று அம்மா கேட்க, அண்ணி குடத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு மட்டும் தனியாக அரிசி போட்டார்.